திறந்து பார்க்கச் சொன்ன டமார்

பம்பாயில் ஓடுகிற அத்தனை கார்களையும் ஒரே நேரத்தில் சந்தேகப்பட்ட மனிதர் ஒருவர்தான். அவர் பெயர் டமார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. மூன்று வருஷம் சம்பளம் கொடுத்த எனக்கே அது நினைவில்லை என்றால் மற்றவர்களைக் கேட்டு என்ன பிரயோஜனம்? தாராவித் தபால்காரர்கூட சந்து முனையில் நின்று "டமார்!" என்று கூவித்தான் கடிதத்தைக் கொடுப்பார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவன் நான். தாராவியில் தோல் துண்டு பொறுக்கி, தோல் பை தைத்து, பிறகு கார் சீட் தைத்து, இன்று இரண்டு மாடி ஒர்க்ஷாப், செம்பூரில் சொந்த வீடு. இன்ஜினியர் படித்தவர்கள் என் முன்னால் நின்று, "சேட், கைசா கரேகா?" என்று யோசனை கேட்பார்கள். வாசல் போர்டில் மூன்று பாஷையில் எழுதி வைத்திருந்தேன்: "கிழியாத தையல்". கார் விஷயத்தில் என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் முன்னமே பிறந்துவிட்டான். அவன் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டமார் வேலை கேட்டு வந்தபோது அவருக்கு ஐம்பது வயசு இருக்கும். குச்சி உடம்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. சட்டைப் பையில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர், ஒரு வெள்ளைப் பெயிண்ட் பேனா.

"என்னவே வேலை தெரியும்?"

"வெடிச்ச ஏர்பேக் கவர வெடிக்காத மாதிரி ஆக்கிருவேன் அண்ணாச்சி."

"இதுக்கு முன்ன எங்க இருந்தீரு?"

"ஆறு ஒர்க்ஷாப்புல. ஆறுலயும் நிப்பாட்டிட்டாவ."

"ஏன்?"

"வெடிச்ச கவருன்னு கஸ்டமர்ட்ட சொல்லிட்டேன்."

இந்த ஒரு பதிலுக்கே அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் கை வேலையைப் பார்த்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கார் மோதினால் ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் மூடியைக் கிழித்துக்கொண்டு பை வெளியே வரும். அந்த மூடிதான் கவர். முன்பக்கம் வழுவழு என்றிருக்கும். பின்பக்கம் ஒரு கோடு மட்டும் மெலிசாக விட்டிருப்பார்கள், பை வரும்போது அந்தக் கோட்டில் பிளந்து வழிவிட வேண்டும் என்பதற்காக. ஒரு தடவை வெடித்தால் அந்தப் பை அவ்வளவுதான். பை, கவர், அதை ஊத வைக்கிற மருந்து டப்பா எல்லாவற்றையும் முழு செட்டாகப் புதிதாக மாற்ற வேண்டும். அதற்கு ஆகிற செலவைக் கேட்டால் பழைய கார் விற்பவனுக்கு நெஞ்சு வலிக்கும். அதனால் பிளந்த கவரை மட்டும் எங்களிடம் அனுப்புவான். பிளாஸ்டிக்கை சூடு காட்டி இணைத்து, பின்னால் வலை கொடுத்து, பூசி, தேய்த்து, தோல் மாதிரி பொடிப்புள்ளி வர வைத்து அனுப்புவோம். உள்ளே என்ன வைத்து மூடுகிறான் என்று நான் கேட்டதில்லை. சட்டை தைக்கிறவன், இதை யார் போடப்போகிறார்கள் என்று கேட்பானா? அப்படித்தான் அப்போது பேசினேன்.

டமார் இணைத்த கவரில் கோட்டைக் கண்டுபிடிக்க எறும்பால்கூட முடியாது. அப்படி ஒரு கை. வாய்தான் கூடாது. கவர் கொண்டுவருகிறவனிடமெல்லாம், "இதுக்குள்ள பை இருக்கா?" என்று கேட்பார். "டென்ஷன் நக்கோ லேவ், பாய்", கவலைப்படாதே என்று அவன் நழுவுவான். இவர் விடமாட்டார். "பை இல்லாம மூடுனா எப்படி? மோதுனா அவன் மூஞ்சிக்கு என்ன பதில்?" என்று இந்தியும் தமிழும் கலந்து ரோடு வரை துரத்துவார்.

டமார் என்ற பெயர் வந்தது மாட்டுங்காவில். ஓட்டல் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பக்கத்து மேஜையில் ஆபீஸ் போகிற மனுஷர் ஒருவர், தட்டில் புஸ்ஸென்று உப்பிய பூரியோடு உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்தில் கார் சாவி. டமார் எழுந்து போய்விட்டார்.

"சார், ஸ்டீயரிங்குக்கு எவ்வளவு கிட்ட உக்காருதிய?"

"எக்ஸ்க்யூஸ் மீ?"

"இந்தா, இதுதான் பைன்னு வச்சுக்கிடுங்க. கண்ண மூடித் தொறக்குமுன்ன..." பூரியின் மேல் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. "டமார்! இவ்வளவு வேகம் சார். நெஞ்சுக்கும் அதுக்கும் ஒரு முழம் இருக்கணும். கிட்ட ஒட்டிக்கிட்டு உக்காந்தா காப்பாத்துத பையே கழுத்த ஒடிச்சிரும்."

கிழங்கு அந்த மனுஷர் கண்ணாடியில் தெறித்தது. வேறு பூரி வாங்கிக் கொடுத்து நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டமார் வாசலில் நின்று, "பெல்ட் போடாம பை மட்டும் இருந்தா அதுவும் ஆபத்து சார்!" என்று மிச்சப் பாடத்தை முடித்தார்.

நல்ல பை உள்ள கார் வந்தால் இன்னொரு கூத்து. பேட்டரி வயரைக் கழற்றுவார். கழற்றிவிட்டு வேலையைத் தொடமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு கீர்த்தனை பாட ஆரம்பிப்பார். ஒன்று இரண்டு அல்ல, மூன்று. பல்லவி, அனுபல்லவி, சரணம் ஒன்று விடாமல்.

"என்னவே, ஒர்க்ஷாப்பா கோயிலா இது?" என்று கத்துவேன்.

"பேட்டரியக் கழத்துனாலும் உள்ள கொஞ்சம் கரண்டு ஒளிஞ்சு கெடக்கும் அண்ணாச்சி. அது வடியணும். அதுக்கு முன்ன கை வச்சா மூஞ்சில டமார். இந்த மாதிரி வண்டிக்கு மூணு கீர்த்தனை போதும். செலதுக்கு நாலு வேணும்."

"வாட்ச்சப் பாத்தா ஆவாதா?"

"வாட்ச்சப் பாத்தா அவசரம் வருது. பாட்டுல அவசரம் வராது."

மூன்றாவது கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில் ஒரு மேல் ஸ்தாயி வரும். அங்கே அவர் குரல் கம்மிவிடும். தொண்டையைச் செருமி, விட்ட இடத்திலிருந்து திரும்ப எடுப்பார். ஒர்க்ஷாப் முழுக்க அந்த இடத்துக்குக் காத்திருந்து ஹோவென்று சிரிப்போம். பிறகு பையைக் கழற்றி, கவர் தன் உடம்புப் பக்கம் திரும்பாமல் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போய், கவர் மேலே பார்க்க மேஜையில் வைப்பார். கவிழ்த்து வைத்தால் மேஜையே பறக்குமாம்.

சாமி விஷயத்திலும் அவர் பாரபட்சம் பார்க்கவில்லை. டாஷ்போர்டில் பயணி பக்கம் பை இருக்கிற காரில், அதற்கு மேல் ஒட்டியிருந்த பிள்ளையாரை பிளேடால் பெயர்த்துவிட்டார். சிலுவை போட்டவன் பிள்ளையாரைப் பெயர்த்தான் என்று நாலு பேர் கூடி விட்டார்கள். சண்டை மூளுகிற நேரத்தில் பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு மாதா சொரூபத்தையும் பெயர்த்து எடுத்து வந்து பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார். "பை வெடிச்சா ரெண்டு பேருமே தோட்டா மாதிரி வந்து நெத்தில அடிப்பாவ. சாமி மேல பழி வரலாமா?" என்றார். வந்தவர்கள் யாரை அடிப்பது என்று தெரியாமல் கலைந்தார்கள். மாதாவின் சொந்தக்காரர் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்தேன். என் போர்டில் இருந்த வாசகத்தைக் குறை சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் நான் தைத்த சீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இந்த மாடலுக்கு சீட்டு ஓரத்துலயும் பை இருக்கு அண்ணாச்சி. உங்க தையல் கிழியாது. கிழியலன்னா பை எப்படி வெளிய வரும்?"

"நாப்பது வருசமா ஒரு தையல் விட்டதில்லவே எனக்கு!"

"அதான் சொல்லுதேன். விடணும். அந்த ஓரத்துல மட்டும் மெல்லிசு நூலு போடுங்க. கிழிய வேண்டிய எடத்துல கிழிஞ்சாத்தான் அது நல்ல தையல்."

ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் அடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு அவமானமாக இல்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நூலையும் மாற்றவில்லை.

இப்போது பெயிண்ட் பேனாவுக்கு வருகிறேன். உள்ளே பை இல்லாமல் மூடப்போகிற கவர் என்று தெரிந்தால், வேலை முடிந்த பிறகு டமார் அதைத் திருப்பி வைத்து உள்பக்கத்தில் வெள்ளை எழுத்தில் எழுதுவார்: "இதுக்குள்ள பை இல்ல. மன்னிச்சிக்கிடுங்க."

முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"உள்பக்கம் எழுதுனா யாருவே பாப்பா?"

"தொறக்கிறவன் பாப்பான்."

"தமிழ்ல எழுதியிருக்கீரு. இது பம்பாய்வே. நம்ம புள்ளைகளுக்கே தமிழ் வாசிக்க வராது. எவன் வாசிப்பான்?"

"எனக்குத் தமிழ்தான் எழுத வரும். வாசிக்கத் தெரிஞ்சவன் எவனாச்சும் இருப்பாம்லா அண்ணாச்சி."

எழுதிக்கொண்டு போகட்டும் என்று விட்டேன். வெளியே தெரியாது, வியாபாரத்துக்கும் கெடுதலில்லை. வருகிற நண்பர்களிடமெல்லாம், "எங்கிட்ட ஒருத்தன் இருக்கான், கவருக்கு உள்ள கடுதாசி எழுதுதான்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஆறு இடத்தில் நிற்காதவர் என்னிடம் மூன்று வருஷம் நின்றது, நான் எழுத விட்டதால்தான். அவருக்கு நான் செய்த நல்ல காரியம் அது ஒன்று. அதையும் கேலியாகத்தான் செய்தேன்.

என் மகள் செல்விக்குக் கல்யாணமாகி திலக் நகரில் இருக்கிறாள். வேலை விக்ரோலியில். அவளுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்தேன். புதிது அல்ல. புதிது வாங்கக் காசு இல்லாமல் இல்லை; ஷோரூம்காரனிடம் காசைக் கொட்டுகிறவன் கார் தெரியாதவன் என்பது என் கட்சி. தெரிந்த வியாபாரியிடம் நானே தட்டிப் பார்த்து, படுத்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து எடுத்த பெரிய மாடல். ஒரு கீறல் இல்லை. ஸ்டீயரிங் நேற்றுப் பிறந்த மாதிரி பளபளத்தது. சீட்டுக்கு நானே என் கையால் கவர் தைத்தேன்.

அவள் பில்டிங் வாசலில் பூஜை. சம்பந்தி வீட்டார், மேல்மாடி கீழ்மாடிக்காரர்கள், செம்பூர்க் கோவில் குருக்கள். என் ஒர்க்ஷாப் ஆட்களையும் வரச் சொல்லியிருந்தேன், முதலாளி செய்கிற சீரைப் பார்க்கட்டும் என்று. டமார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

குருக்கள் கற்பூரம் காட்டி முடித்தார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "யாராவது சாவி போடுங்கோ" என்றார் குருக்கள். டமார் முந்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். சாவியைத் திருகி மீட்டரில் எரிகிற சிவப்பு விளக்குகளையே பார்த்தார். ஏர்பேக் விளக்கு தனியாக எரிந்து தனியாக அணைய வேண்டும். இது ஆயில் விளக்கோடு ஜோடியாக எரிந்து ஜோடியாக அணைந்தது; யாரோ இரண்டு வயரையும் ஒன்றாக முடிந்து வைத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. கட்டை விரலால் ஸ்டீயரிங் நடுவே அழுத்தினார். தடவினார். முகம் செத்துப்போயிற்று.

இறங்கினார். பானெட்டைத் திறந்தார். ஸ்பானரை எடுத்து பேட்டரி வயரைக் கழற்றினார். கையைக் கட்டிக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் முதல் கீர்த்தனையை ஆரம்பித்துவிட்டார்.

குருக்கள் கையில் தட்டு அப்படியே நின்றது. "இது எந்த சம்பிரதாயம்?" என்றார்.

"மாமா, யாரு இவரு?" என்றார் மாப்பிள்ளை.

"அப்பா, எல்லாரும் பாக்கிறாங்கப்பா!" என்றாள் செல்வி.

நான் போய் டமாரின் சட்டைக் காலரைப் பிடித்தேன். பாட்டு நின்றது.

"கூத்தா நடத்துதீரு? எம் மக வீட்டு வாசல்ல?"

"அண்ணாச்சி, அஞ்சு நிமிசம். தொறந்து மட்டும் பாப்போம்."

"என்னத்தத் தொறக்கப் போறீரு?"

மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தொறந்து பாருங்க. தொறந்து பாத்துட்டு என்ன அடிங்க."

நான் திறந்து பார்க்காமலே அடித்தேன். கன்னத்தில் ஒன்று. "இனிமே ஒர்க்ஷாப் பக்கம் தலகாட்டப்படாது" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டமார் குனிந்து பேட்டரி வயரை மாட்டி இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, திலக் நகர் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார். வயரை மாட்டாமல் போயிருந்தால் காராவது நகராமல் நின்றிருக்கும்.

நான்கு நாள் ஒர்க்ஷாப் வாசலில் வந்து நின்றார். உள்ளே விடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். போன் அடித்தார். அவர் நம்பரை பிளாக் செய்யச் சொல்லி போனை செல்வியிடமே நீட்டினேன். எனக்கு அது செய்யத் தெரியாது. அவள்தான் செய்து கொடுத்தாள். ஐந்தாம் நாள் அவர் வரவில்லை.

பதினோரு மாதம் அந்தக் காரில் என் மகள் விக்ரோலிக்குப் போய் வந்தாள். மழையில், லாரிகளுக்கு நடுவில், தினமும். நான் தினமும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒர்க்ஷாப்புக்குக் காரைக் கொண்டுவந்தாள். "அப்பா, ஹார்ன் அடிக்கவே மாட்டேங்குது. ஹார்ன் இல்லாம இந்த ஊர்ல எப்படி ஓட்டுறது?"

"இதுக்கு எதுக்கு மெக்கானிக்? உங்கப்பன் எதுக்கு இருக்கேன்?" என்று ஸ்பானரை எடுத்தேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். ஹார்ன் வயர் ஸ்டீயரிங் கவருக்குள்தான் இருக்கும்; அதில் கை வைக்கப் போனபோது தன்னால் கை பின்வாங்கியது. பயம்தான், எதற்கு மறைக்க? எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மூன்று கீர்த்தனை என்று மட்டும்தான் தெரியும். நான் திருநீறு பூசுகிறவன். ஆனாலும் மூன்று வருஷம் காதில் விழுந்தது வாயில் வந்தது. வார்த்தை பாதி, ராகம் பாதி, முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கவரைக் கழற்றினேன்.

உள்ளே பழைய பனியன் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு தெர்மகோல் துண்டு. பை இல்லை. கையில் இருந்த கவரைத் திருப்பினேன். வெள்ளை எழுத்து.

"அப்பா, என்ன எழுதியிருக்கு? தமிழா அது?"

அவளுக்கு வாசிக்க வராது. இங்கிலீஷ் ஸ்கூலில் போட்டேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவன் நான்தான். அதனால் என் வாயாலேயே அதை என் மகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

"இதுக்குள்ள பை இல்ல. மன்னிச்சிக்கிடுங்க."

அவள் கவரை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். பிறகு, "அன்னிக்கு வாசல்ல பாட்டு பாடினாரே, அவரா எழுதினது?" என்றாள்.

"ஆமா."

"அப்ப இது எங்க செஞ்சது?"

ஒர்க்ஷாப்புக்குள் நின்றுகொண்டு கேட்டாள். என் போர்டைத்தான் பார்த்தேன்.

என்னை ஏமாற்றப் பிறந்தவன் நான்தான். என் கடையில் செய்து, என் கடை வண்டியில் அனுப்பி, நானே பேரம் பேசி வாங்கி, எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டு என் மகளுக்குக் கொடுத்தேன். புதிது மாதிரி தெரிய வைப்பது எங்கள் தொழில். அந்த வேலைத் திறமையில் நானே விழுந்தேன். டமார் தன் கைவேலையைத் தடவியதுமே கண்டுபிடித்துவிட்டார். பூஜை வாசலில், சம்பந்தி காதுபட, "இது உங்க கடை வேலை அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வேலை பிழைத்திருக்கும். என் மானம் போயிருக்கும். அறை வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் போனார்.

மறுநாள் அந்த வியாபாரியிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டு, "சேட், கவர் தோ ஆப்கா ஹி ஹை" என்றான். கவர் உங்களுடையதுதானே என்றான். எத்தனை கவர் அனுப்பினேன், எந்தெந்த வண்டியில் போயிற்று, எந்தெந்த ஊரில் ஓடுகிறது, ஒன்றும் தெரியாது. பழைய கராஜ்களுக்குப் போய்க் கேட்டேன். சிரித்தார்கள். ரோட்டில் போகிற ஒவ்வொரு காரையும் இப்போது பார்க்கிறேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் யாருடையதோ மகள் உட்கார்ந்திருக்கிறாள். டமாருக்கு இருந்த வியாதி எனக்கு வந்துவிட்டது. அவருக்காவது எழுதி வைத்த ஆறுதல் இருந்தது.

அவரைத் தேடாத இடமில்லை. தாராவிச் சர்ச்சில், வீட்டைக் காலி செய்துவிட்டார் என்றார்கள். விக்ரோலியில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் கொஞ்ச நாள் இருந்தாராம். அங்கேயும் நிற்கவில்லை. செம்பூர் சிக்னலில் ஒருத்தர், டாஷ்போர்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த யாரோ பையனைக் கண்ணாடியைத் தட்டித் திட்டிக்கொண்டிருந்ததாக ஒரு ஆட்டோக்காரர் சொன்னார். மூன்று நாள் அந்த சிக்னலில் போய் நின்றேன். வரவில்லை.

செல்வி காருக்குக் கம்பெனியிலிருந்து முழு செட் வரவழைத்துப் போட்டாயிற்று. சீட்டு ஓரத்தை நானே பிரித்து, மெல்லிசு நூலால், கிழிகிற மாதிரி தைத்தேன். பிளந்த கவரை இப்போது நாங்கள் தொடுவதில்லை. போர்டை இறக்கிவிட்டேன். பழைய கவர்கள் எங்கே கிடைத்தாலும் வாங்கித் திருப்பிப் பார்க்கிறேன். இதுவரை ஏழு, அந்த வெள்ளை எழுத்தோடு வந்து சேர்ந்திருக்கின்றன. ஏழும் என் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகின்றன, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி.

ஏர்பேக் உள்ள வண்டி வந்தால் பேட்டரியை இப்போது நான்தான் கழற்றுகிறேன். போனில் டைமர் வைத்துத் தருவதாகப் பசங்கள் சொல்கிறார்கள். வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மூன்றாவது கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில் அந்த மேல் ஸ்தாயி வருகிறது. எனக்கு அது எட்டும், நல்ல குரல்தான் எனக்கு. இருந்தாலும் அந்த இடத்தில் கம்மி, தொண்டையைச் செருமிவிட்டுத்தான் மிச்சத்தைப் பாடுகிறேன்.